பிராம்ப்டனுக்குள் எல்.ஆர்.டி: தரைமேலா, சுரங்கமா, பஸ்ஸே போதுமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். கனடாவில், டொராண்டோவுக்குப் பக்கத்திலிருக்கும் பிராம்ப்டனில் நீங்கள் வீடு வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. பக்கத்து ஊரான மிசிசாகாவிலிருந்து ஹுரோன்டாரியோ சாலை வழியாக வரும் எல்.ஆர்.டி. (இலகு ரயில்) தடம் உங்கள் ஊருக்குள் நுழைந்ததுமே ஸ்டீல்ஸ் அவென்யூவோடு நின்றுவிடுகிறது. அதை ஊரின் நடுப்பகுதி வரை நீட்டுவது பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று சொல்கிறார், அலுவலக நண்பர் வேறொன்று சொல்கிறார். 2015-ல் அரசு காசு தருகிறேன் என்றும் ஏன் வேண்டாம் என்றார்கள், சுரங்கமா தரைமேலா என்று ஏன் இத்தனை வருஷமாக இழுக்கிறார்கள், பேசாமல் பஸ்ஸைக் கூட்டினால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் "எதை ஆதரித்தால் பிறகு வருத்தப்பட மாட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன். நான் பதினேழு வருஷமாகப் பொதுப் போக்குவரத்துத் திட்டமிடலில் இருக்கிறேன், பெரும்பகுதி பஸ் கால அட்டவணையும் சந்திப்புகளின் சிக்னல் நேரமும்தான் என் வேலை. சுரங்கம் தோண்டுவது என் துறை இல்லை, அதனால் மண்ணுக்கு அடியில் நடப்பதைப் பற்றி நான் சொல்வதற்குக் கொஞ்சம் குறைத்தே மதிப்புக் கொடுங்கள்.

முதலில் நடந்தது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். 2015 ஏப்ரலில் ஒன்டாரியோ மாகாண அரசு, ஏரிக்கரையோரம் இருக்கும் போர்ட் கிரெடிட் நிலையத்திலிருந்து பிராம்ப்டன் நடுப்பகுதியிலுள்ள கோ ரயில் (வட்டாரப் புறநகர் ரயில்) நிலையம் வரை சுமார் 23 கிலோமீட்டர் தடத்தின் கட்டுமானச் செலவை, 1.6 பில்லியன் டாலர் வரை, தானே ஏற்பதாக அறிவித்தது. அதே வருஷம் அக்டோபர் கடைசியில், நள்ளிரவு தாண்டியும் நீண்ட ஒரு கூட்டத்தில், பிராம்ப்டன் நகரசபை 7-க்கு 4 என்ற கணக்கில் ஊரின் நடுப்பகுதிக்குப் போகும் மெயின் தெரு வழியை நிராகரித்தது. மேயர் லிண்டா ஜெஃப்ரி ஆதரவாகத்தான் இருந்தார், ஆனால் அவருக்கும் ஒரே ஓட்டுதான். அப்புறம் தடம் ஸ்டீல்ஸில் உள்ள கேட்வே பஸ் முனையத்தோடு நின்றது. 2019-ல் மிசிசாகா நகர்மையத்தைச் சுற்றிவர வேண்டிய வளையமும் வெட்டப்பட்டு 18 கிலோமீட்டர், 19 நிறுத்தம் என்று சுருங்கியது. இடையில் பிராம்ப்டன் நகரசபை கென்னடி சாலை, மெக்லாலின் சாலை என்று மாற்று வழிகளை ஆராய்ந்தது, 2018 தேர்தலுக்குப் பிறகு வந்த சபை மறுபடி மெயின் தெருவுக்கே திரும்பியது. ஆக இத்தனை சண்டையும் ஸ்டீல்ஸுக்கும் கோ ரயில் நிலையத்துக்கும் நடுவிலுள்ள சுமார் 4 கிலோமீட்டருக்காக.

அன்று எதிர்த்தவர்களை முட்டாள்கள் என்று சொல்லும் பதிவுகளை நிறையப் பார்க்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மாகாணத்தின் முன்னாள் முதல்வர் பில் டேவிஸ் மெயின் தெருவிலேயே வாழ்ந்தவர், அந்த ஊரை உயிராக நினைத்தவர், அவரே வெளிப்படையாக எதிர்த்தார். காரணங்களும் வெறும் பிடிவாதம் இல்லை. பழைய நகர்ப்பகுதியில் மெயின் தெரு குறுகல், இரு பக்கமும் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கட்டடங்கள், ஆகவே அங்கே ரயிலுக்குத் தனிப்பாதை கொடுக்க முடியாமல் காரும் ரயிலும் ஒரே தடத்தில் கலந்து ஓடும்படி வரைபடம் போட்டிருந்தார்கள். இன்னொரு வாதம் எனக்கு அன்றும் வலுவாகப் பட்டது: பிராம்ப்டனில் பஸ் கூட்டம் மிக அதிகம் இருப்பது கிழக்கு மேற்காக ஓடும் குயின் தெருவில், அப்படியிருக்க முதல் ரயிலை ஏன் வடக்கு தெற்காகப் போட வேண்டும்? கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஆனால் மேசையில் இருந்த பணம் குயின் தெருவுக்கான பணம் இல்லை. இந்தத் தடம் வேண்டாம் என்றால் அதே தொகை அடுத்த தெருவுக்கு வரும் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள், வரவில்லை.

இனி பஸ் போதாதா என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் இது என் சொந்த நிலம். சிக்னல்கள் உள்ள ஒரு பெரிய சாலையில் ஒரு கார் தடம் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 800, 900 வண்டிகளைத் தள்ளும். காலை நேரத்தில் பெரும்பாலான காரில் ஓட்டுநர் மட்டும்தான், ஆக அந்தத் தடத்தில் போவது சுமார் ஆயிரம் பேர். இரண்டு பெட்டிகளை இணைத்த நீளமான பஸ் ஒன்றில் நெருக்கினால் 100 பேர், மூன்று நிமிடத்துக்கு ஒன்று விட்டால் 2,000 பேர். ஹுரோன்டாரியோவுக்கு வாங்கியிருக்கும் சிடாடிஸ் ஸ்பிரிட் வகை ரயில் வண்டி ஏறத்தாழ 50 மீட்டர் நீளம், நிற்பவர்களையும் சேர்த்து 300 பேர் வரை பிடிக்கும், ஏழரை நிமிடத்துக்கு ஒன்று விட்டாலே 2,400 பேர். பார்த்தால் பஸ்ஸும் ரயிலும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன, பிறகு எதற்கு ரயில் என்று தோன்றும். இரண்டு வித்தியாசம் உண்டு. மூன்று நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று காகிதத்தில் போடுவது சுலபம், சாலையில் அதைக் காப்பாற்றுவது மிகக் கடினம். ஒரு நிறுத்தத்தில் ஒரு சக்கர நாற்காலி ஏறினால், ஒரு சிக்னல் தவறினால், முன்னால் போகும் பஸ் தாமதமாகும், தாமதமானால் அடுத்த நிறுத்தத்தில் இன்னும் அதிகம் பேர் காத்திருப்பார்கள், அது இன்னும் தாமதமாகும், பின்னால் வருவது காலியாக அதை ஒட்டிக்கொண்டே வரும். பத்து நிமிடம் ஒன்றும் வராமல் திடீரென்று மூன்று பஸ் சேர்ந்து வருவதைப் பார்த்திருப்பீர்களே, அது ஓட்டுநர்களின் தவறே இல்லை. இரண்டாவது, செலவு. பஸ் ஓட்டுவதில் மிகப் பெரிய செலவு ஓட்டுநர் சம்பளம். நூறு பேருக்கு ஒருவரா, முந்நூறு பேருக்கு ஒருவரா என்பது முப்பது வருஷக் கணக்கில் பெரிய தொகை. ஆனால் அந்த லாபம் வண்டி நிறைந்தால்தான். பாதி காலியாக ஓடும் ரயில் பஸ்ஸைவிடச் செலவு பிடித்தது, இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பிராம்ப்டனைப் பொறுத்தவரை கூட்டம் வருமா என்ற சந்தேகம் எனக்குக் குறைவு. 2021 கணக்கெடுப்பில் 6,56,480 பேர், வேலைக்கும் கல்லூரிக்கும் பஸ்ஸை நம்பியிருக்கும் இளையவர்களும் புதிதாகக் குடியேறியவர்களும் நிறைய. 2010-ல் குயின் தெருவில் ஜூம் விரைவுப் பஸ் தொடங்கியபோது புறநகரில் யார் பஸ் ஏறுவார்கள் என்று கேட்டவர்கள் இருந்தார்கள், இன்று அந்தப் பஸ்ஸில் மாலை ஐந்து மணிக்கு ஏறிப் பாருங்கள்.

சரி, கார் ஓட்டுபவருக்கு நஷ்டம் இல்லையா? இருக்கிறது. தரைமேல் ரயில் வந்தால் ஒவ்வொரு திசையிலும் ஒரு தடம் போகும், சில இடங்களில் இடப்பக்கம் திரும்ப முடியாது, சுற்றித்தான் வர வேண்டும். ரயில் வந்தால் நெரிசல் தீர்ந்துவிடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள், வளரும் ஊரில் காலியாகும் சாலையிடம் வேறு கார்களால் நிரம்பிவிடும். நெரிசலில் மாட்டாமல் போக ஒரு வழி கிடைக்கும், அவ்வளவுதான், அதுவே பெரிய விஷயம். அந்த வழி வேகமாக இருக்குமா என்பது சிக்னலில் இருக்கிறது. ரயில் நெருங்கும்போது பச்சையை நீட்டிக் கொடுப்பதற்கும், வேறு எல்லோரையும் போல வரிசையில் நிற்க வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரிது. டொராண்டோவில் 2025 டிசம்பரில் திறந்த ஃபின்ச் வெஸ்ட் தடம் தொடக்கத்தில் ஊர்ந்து போகிறது என்று பயணிகளிடம் வாங்கிய திட்டு உங்களுக்கு நினைவிருக்கும். தண்டவாளம் புதிது, வண்டி புதிது, ஆனால் சிவப்பு விளக்கில் நின்றால் எல்லாம் ஒன்றுதான். என் அனுபவத்தில் இதுதான் பொதுக்கூட்டங்களில் யாரும் கேட்காத கேள்வி, பல கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன், ரயில் என்ன நிறம் என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள், சிக்னலில் யாருக்கு முன்னுரிமை என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

இப்போது சுரங்கம். தரைமேல் நீட்டிப்புக்கு ஒரு பில்லியன் டாலரை ஒட்டியும், சுரங்கத்துக்கு 2.8 பில்லியன் அளவிலும் 2023 வாக்கில் மதிப்பீடு பேசப்பட்டது, அதாவது ஏறத்தாழ மூன்று மடங்கு. நகரசபை சுரங்கத்தின் பக்கம் சாய்ந்தது. சுரங்கத்தின் நன்மைகள் உண்மையானவை: பழைய தெரு அப்படியே இருக்கும், ரயில் காரோடு கலக்காது, மழையோ பனியோ விழாவோ ஓட்டம் தடைபடாது. ஆனால் கீழே இறங்கி மேலே ஏற ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நிமிடம், லிஃப்ட் பழுதானால் அம்மாக்களும் தாத்தாக்களும் படும் பாடு, காற்றோட்டம், தீயணைப்பு, நிலையத்தை வருஷம் முழுக்கப் பராமரிக்கும் செலவு. இவை கட்டுமானச் செலவோடு முடிவதில்லை. பிராம்ப்டனுக்கென்று இன்னொன்றும் உண்டு. நடுப்பகுதி எட்டோபிகோக் ஓடையின் வெள்ளப் பரப்பில் இருக்கிறது. 1948-ல் வந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் ஓடையைத் திருப்பிவிடக் கான்கிரீட் வாய்க்கால் கட்டினார்கள், 1952-ல் முடிந்தது, இன்றும் அங்கே கட்டடம் கட்டக் கட்டுப்பாடு இருப்பது அதனால்தான். அப்படிப்பட்ட இடத்தில் சுரங்கம் முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன், உலகத்தில் ஆறுகளுக்கு அடியிலேயே ஓட்டுகிறார்கள். நுழைவாயில் உயரம், நீர் இறைக்கும் வசதி என்று செலவு ஏறும் இடங்கள் அதிகம் என்று மட்டும் சொல்வேன், மிச்சத்தை நிலத்தடிப் பொறியாளர் சொல்லட்டும்.

இதே பிரச்சினை வந்த இன்னொரு புறநகர் சியாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் பெல்வியூ. அங்கேயும் நகர்மையத்தில் ரயில் தெருமேல் வரக்கூடாது, சுரங்கம் வேண்டும் என்றார்கள், வழக்கு, தேர்தல், வருஷக்கணக்கான சண்டை எல்லாம் நடந்தது. அவர்கள் செய்ததில் ஒன்று எனக்குப் பிடிக்கும். சுரங்கம் எங்கள் விருப்பம் என்றால் கூடுதல் செலவில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று ஒத்துக்கொண்டு, 2011-ல் போட்ட ஒப்பந்தத்தில் 160 மில்லியன் டாலர் வரை நகரமே ஏற்றது. பிறகு செலவைக் குறைக்க உட்கார்ந்தபோது நிலையத்தைச் சுரங்கத்துக்கு வெளியே, தரைக்குக் கொண்டுவந்தார்கள், சுரங்கம் சுமார் 600 மீட்டர்தான். 2024 ஏப்ரலில் அந்தப் பகுதி ஓடத் தொடங்கியது. தன் கைக்காசு போகிறது என்றதும் எத்தனை மீட்டர் உண்மையில் தேவை என்று எல்லோரும் கவனமாகப் பார்த்தார்கள். பிராம்ப்டனில் அந்தக் கணக்கு இன்னும் சரியாகப் போடப்படவில்லை என்பது என் கருத்து. நாலு கிலோமீட்டரில் நிஜமாகவே குறுகலான இடம் கொஞ்ச தூரம்தான்.

இனி, யாரும் உறுதியாகச் சொல்ல முடியாதவை. திறக்கும் தேதி முதலில். ஹுரோன்டாரியோ தடத்தில் 2020-ல் வேலை தொடங்கியபோது 2024-ல் திறக்கும் என்றார்கள், 2024 வந்து போனது. டொராண்டோவின் எக்ளிண்டன் எல்.ஆர்.டி. தடம் 2011-ல் தோண்ட ஆரம்பித்தது, 2020-ல் திறக்க வேண்டியது, 2026 பிப்ரவரியில்தான் பயணி ஏறினார். ஆகவே நீட்டிப்புக்கு யாராவது ஒரு வருஷத்தைச் சொன்னால் அதை வைத்து வீட்டு முடிவுகள் எடுக்காதீர்கள். செலவும் அப்படித்தான், தொடக்க மதிப்பீடு என்பது பாதி வரைபடம்கூட இல்லாதபோது போடும் எண். வீட்டு விலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் விலை ஏறுவதைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறார்கள், ஆனால் எவ்வளவு என்பது வட்டி விகிதம், அங்கே எத்தனை மாடி கட்ட விடுகிறார்கள், இதையெல்லாம் பொறுத்தது. உங்கள் தெருவுக்கு இவ்வளவு ஏறும் என்று சொல்லும் வீட்டுத் தரகர் ஊகிக்கிறார். விலை ஏறினால் அங்கே வாடகைக்கு இருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்பதும் அதே கணக்கில் வர வேண்டும். ரயில் வந்தால் குற்றம் வரும் என்று உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் என் வேலைக்காலத்தில் நான் பார்த்ததில்லை, கூட்டம் கூடும் எந்த இடத்திலும் வரும் சில்லறைத் திருட்டைத் தவிர. கட்டுமானக் காலத்தில் சின்னக் கடைகள் அடிபடும் என்பது மட்டும் சந்தேகமே இல்லாத உண்மை, சுரங்கமானாலும் நிலையம் தோண்டும் இடத்தில் அதேதான், இன்னும் நீண்ட காலத்துக்கு.

நீங்கள் வருத்தப்படாமல் இருக்க வேண்டும் என்றால் யோசிக்க வேண்டியது காத்திருப்பின் விலை என்று நினைக்கிறேன். டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் நம் ஆட்கள் இதைத் தங்கள் உடம்பில் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். அங்கே ஓடிய பழைய ஆர்.டி. ரயில் தடத்துக்குப் பதில் ஏழு நிறுத்தங்களுடன் எல்.ஆர்.டி., மாகாணப் பணத்தோடு தயாராக இருந்தது. ஸ்கார்பரோ மட்டும் என்ன இளப்பமா, எங்களுக்கும் சப்வே வேண்டும் என்ற குரல் எழுந்தது, அந்த உணர்வில் நியாயமும் இருந்தது, புறநகர்க்காரர்களை இரண்டாந்தரமாக நடத்தியது உண்மை. 2013-ல் டொராண்டோ நகரசபை சப்வேக்கு மாறியது. 2023 ஜூலை 24 அன்று பழைய ரயிலின் கடைசிப் பெட்டி கழன்று தடம் விலகியது, அன்றோடு அந்தத் தடம் மூடப்பட்டது, அன்றிலிருந்து மக்கள் பஸ்ஸில் போகிறார்கள், சப்வே வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அந்தப் பத்து வருஷத்தில் பள்ளிக்கூடம் போன பிள்ளை வேலைக்கே போயிருக்கும். சுரங்கம் நல்லதா கெட்டதா என்று பேசும்போது இந்த வருஷங்கள் எந்த மதிப்பீட்டு அட்டவணையிலும் வருவதில்லை என்பது எனக்கு உண்மையாகவே ஆற்றாமை தருகிறது, ஏனென்றால் கார் வைத்திருப்பவர் காத்திருப்பதில்லை, நிறுத்தத்தில் நிற்பவர்தான் காத்திருக்கிறார்.

வேண்டாம் என்று சொன்னால் பேச்சு முடிந்துவிடும் என்பதும் இல்லை. அமெரிக்காவில் போர்ட்லண்டுக்கு எதிர்க்கரையில், வாஷிங்டன் மாநிலத்தின் வான்கூவர் நகரம் இருக்கிறது. போர்ட்லண்டின் ரயிலைக் கொலம்பியா ஆற்றைத் தாண்டி வான்கூவர் பக்கம் கொண்டுவருவதற்கான வரி விதிப்பை அந்த வட்டார வாக்காளர்கள் 1995-லும் 2012-லும் தோற்கடித்தார்கள். ஆற்றுப் பாலத்தின் ஒரு பாதி 1917-ல் கட்டியது, அதை மாற்றியே ஆக வேண்டும், ஆகவே 2013-ல் செத்த பாலத் திட்டம் 2019-ல் மறுபடி எழுந்தது, ரயிலோடுதான், பல மடங்கு விலையில்.

என் சொந்த முடிவைக் கேட்டால், நான் தரைமேல் தடத்தின் பக்கம், ஆனால் 2015 வரைபடத்தின் பக்கம் இல்லை. குறுகலான நாலைந்து தெருச் சந்திப்புகளுக்கு நடுவில் காரைக் குறைத்து ரயிலுக்கும் நடப்பவர்களுக்கும் இடம் கொடுத்தால் அந்தப் பழைய தெரு பிழைக்கும் என்று நம்புகிறேன். இது ஒரு தொழில்காரனின் கணிப்பு, அங்கே கடை வைத்திருப்பவர் வேறு மாதிரி நினைக்கலாம், அவர் பேச்சும் கேட்கப்பட வேண்டியதுதான். சுரங்கம்தான் என்று முடிவானால், பணம் முழுக்கக் கையெழுத்தான பிறகு அதை ஆதரிப்பதில் தப்பில்லை. "கொள்கையளவில் ஒப்புதல்" என்ற வார்த்தையை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

அடுத்த பொதுக்கூட்டத்துக்குப் போவதாக எழுதியிருந்தீர்கள். அங்கே நான்கைக் கேளுங்கள்: சிக்னலில் ரயிலுக்கு முழு முன்னுரிமை உண்டா, கட்டிய பிறகு வருஷா வருஷம் ஓட்டும் செலவு யார் தலையில், கட்டுமானக் காலத்தில் கடைக்காரருக்கு என்ன நஷ்டஈடு, நீட்டிப்பு வரும்வரை மெயின் தெருவில் ஓடும் 502 ஜூம் பஸ்ஸுக்கு ஸ்டீல்ஸிலிருந்து கோ நிலையம் வரை தனித்தடம் எப்போது. நாலாவதுதான் எனக்கு மிக முக்கியம், அதற்குச் சுரங்கம் வேண்டாம், பில்லியன் வேண்டாம், சாலையில் வண்ணமும் சில சிக்னல் மாற்றங்களும் போதும், ஒரு கோடைக்குள் செய்யலாம். பதிலை எழுத்தில் தரச் சொல்லி உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.